சாவியே இல்லாத கடிகாரம்: சங்கிலியில் ஓடும் ஓர் ஆளுயரக் கடிகாரத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் கடிகாரம் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் இருக்கிறது. பண்ணை வீட்டை விட்டு ஊருக்குள் சின்ன வீடு ஒன்றுக்கு வந்த வயதான தம்பதியுடையது. ஓக் மரப் பெட்டி, இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், வெள்ளை வண்ணம் பூசிய சதுர முகப்பு, நான்கு மூலைகளிலும் கையால் வரைந்த பூக்கள். கணவரின் அப்பா இருந்தவரை பண்ணையில் ஓடிக்கொண்டிருந்தது. வீடு மாறியபோது இயந்திரத்தை இறக்கி, எடையையும் ஊசலையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். திரும்ப மாட்டியதிலிருந்துதான் தொல்லை.

பழுதுபார்ப்பது எனக்குத் தொழில் அல்ல. பழைய கடிகாரங்கள் மேல் உள்ள பிடிப்பில் கற்றுக்கொண்டது. தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன். இந்த ஒன்றைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் உண்டு. கிராண்ட்ஃபாதர் கிளாக் என்று நாம் சொல்லும் ஆளுயரக் கடிகாரம் சங்கிலியில் ஓடுவதாக இருந்தால், அதற்கு வீட்டில் வரக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கே ஒரே பெட்டிக்குள் கூடியிருந்தன. ஒன்றைத் தவிர எல்லாமே பல்சக்கரங்களுக்கு வெளியே இருந்தன. கடிகாரம் நின்றுபோனால் இயந்திரத்தைக் கழற்றத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். அதற்கு முன் சங்கிலி போகும் வழியைப் பார்த்துவிட வேண்டும்.

அவர்கள் சொன்ன குறைகள் இவை. சாவி தொலைந்துவிட்டது, எங்கு தேடியும் பொருத்தமான சாவி கிடைக்கவில்லை. சங்கிலியை இழுத்து எடையை ஏற்றினால் சில சமயம் கடகடவென்ற சத்தத்தோடு எடை திடீரென்று கொஞ்சம் இறங்குகிறது. ஒருவழியாக ஓட ஆரம்பித்தாலும் தினமும் இரவு எட்டு மணி வாக்கில் நின்றுவிடுகிறது. நாலு மணிக்குப் பதினோரு அடி அடிக்கிறது.

முகப்பில் இரண்டு துளை

சாவி விஷயத்தை முதலில் பார்ப்போம். முகப்பில் 3க்கும் 9க்கும் பக்கத்தில், கொஞ்சம் கீழே தள்ளி, இரண்டு சாவித் துளைகள் இருந்தன. துளைக்குள் சதுர முனையும் தெரிந்தது. எட்டு நாள் ஓடும் கடிகாரத்தின் அடையாளம் அது. வாரத்துக்கு ஒருமுறை இரண்டு துளையிலும் சாவி கொடுக்க வேண்டும், ஒன்று நேரத்துக்கு, ஒன்று மணி அடிப்பதற்கு. அதனால்தான் சாவி தேடியிருக்கிறார்கள். கிடைத்த சாவிகளை எல்லாம் போட்டுத் திருகியதில் துளையைச் சுற்றி வண்ணம் கீறிப்போயிருந்தது.

பெட்டியின் நடுக்கதவைத் திறந்ததும் கதை மாறிவிட்டது. எட்டு நாள் கடிகாரத்தில் இரண்டு எடைகள் இருக்கும். இரண்டும் உருளையில் சுற்றிய நரம்பிலோ கம்பியிலோ தொங்கும். இங்கே ஒரே ஒரு எடை, அதுவும் சங்கிலியில். தலைப்பகுதியில் இருக்கும் மேல்கூட்டை முன்பக்கமாக நகர்த்தி எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சாவித் துளைக்குப் பின்னால் இருந்த சதுர முனைகள் முகப்புத் தகட்டோடு முடிந்துவிட்டன. இயந்திரத்தோடு அவற்றுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. இது 30 மணி நேரக் கடிகாரம், தினமும் சங்கிலி இழுத்து ஓட்ட வேண்டியது. அந்தத் துளைகள் வெறும் தோற்றத்துக்கு வைத்தவை. அந்தக் காலத்தில் எட்டு நாள் கடிகாரம் வசதியானவர்கள் வீட்டுப் பொருள். 30 மணி நேரக் கடிகாரம் விலை குறைந்தது. வாங்குகிறவருக்கு வருகிறவர் போகிறவர் முன்னால் ஒரு கௌரவம் வேண்டியிருந்தது, செய்கிறவரும் பொய்த்துளை வைத்துக் கொடுத்தார். இப்படிப்பட்ட முகப்புகள் இங்கிலாந்தில் அபூர்வமல்ல. ஆகவே துளையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கதவைத் திறந்து, எடை எதில் தொங்குகிறது, எத்தனை எடை என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

வயதையும் அதே டார்ச் வெளிச்சத்தில் ஓரளவு சொல்லிவிடலாம். வெள்ளை வண்ணம் பூசிய இரும்பு முகப்புகள் பர்மிங்காமில் ஆஸ்போர்ன், வில்சன் என்ற இருவர் 1772இல் விளம்பரம் செய்து விற்கத் தொடங்கியவை. அதற்கு முன் பித்தளை முகப்புதான். 1777இல் இருவரும் பிரிந்து தனித்தனியாகத் தொழில் நடத்தினார்கள். முகப்புக்கும் இயந்திரத்துக்கும் நடுவே சில கடிகாரங்களில் ஓர் இரும்புத் தகடு இருக்கும். முகப்பைச் செய்தவர் பெயர் அதில் வார்த்திருக்கும். இந்தக் கடிகாரத்தில் வில்சன் என்று மட்டும் இருந்தது. அப்படியானால் 1777க்குப் பின். மூலைகளில் தனித்தனிப் பூக்கள் இருப்பதும், ஓரம் முழுவதையும் வண்ணம் நிறைக்காமல் வெள்ளையாக விட்டிருப்பதும் ஆரம்ப கால வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் என்று நான் மதிப்பிட்டேன். முகப்பின் மேலே எழுதியிருக்கும் பெயர் வேறு. அது பெரும்பாலும் கடிகாரத்தை விற்ற உள்ளூர்க்காரர் பெயர். அவரே எல்லாவற்றையும் செய்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வில்சனும் கடிகாரம் செய்தவர் அல்ல, முகப்பு செய்தவர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான பெயரில் விற்கப்படும் கடிகாரங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரே சங்கிலி, இரண்டு வேலை

இனி சங்கிலிக்கு வருவோம். இந்த வகைக் கடிகாரத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1657இல். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் எடையைத் தொங்கவிட ஒரு புது வழியும் இருந்தது. தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரே வளையமாகச் சங்கிலி அல்லது கயிறு. அந்த ஏற்பாடு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்தின் கிராமத்துக் கடிகாரங்களை ஓட்டியிருக்கிறது.

சங்கிலி போகும் வழியை மனதில் வரைந்துகொள்ளுங்கள். இயந்திரத்தில் சங்கிலியைப் பிடிக்கும் பல்சக்கரங்கள் இரண்டு. எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கம் நேரத்தை ஓட்டுவது, இடப்பக்கம் மணி அடிப்பதை ஓட்டுவது. சங்கிலி வளையம் இரண்டின் மேலும் ஏறிப் போகிறது. அப்போது கீழே இரண்டு தொங்கல் விழும். ஒரு தொங்கலில் கப்பியும், கப்பியில் பெரிய எடையும். மற்றத் தொங்கலில் ஒரு சின்ன ஈய வளையம் அல்லது இரும்பு வளையம், கால் கிலோவுக்குள் இருக்கும். பெரிய எடையின் பாரம் கப்பி வழியாக இரு பக்கமும் சமமாகப் பிரிகிறது. நேரத்துக்குப் பாதி, மணிக்குப் பாதி. நாலு கிலோ எடை என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிலோ இழுவை.

இடப்பக்கச் சக்கரம் மட்டும் ஒரு திசையில் சுதந்திரமாகத் திரும்பும். எதிர்த் திசையில் திரும்பாதபடி, பல்லில் விழுந்து பிடிக்கும் கிளிக் என்ற சின்னத் துண்டு தடுக்கும். அந்தச் சக்கரத்திலிருந்து சின்ன வளையத்தை நோக்கி இறங்கும் சங்கிலியைக் கீழே இழுத்தால் பெரிய எடை மேலே ஏறும். இப்படி இழுக்கும்போது நேரத்தை ஓட்டும் சக்கரத்தின் மேல் பாரம் ஒரு கணமும் விலகுவதில்லை. சாதாரண எட்டு நாள் கடிகாரத்தில் சாவி கொடுக்கும் அந்தச் சில நொடிகள் சக்கரங்களுக்கு விசை போகாது. விலை குறைந்த கிராமத்துக் கடிகாரம் அந்த ஒரு விஷயத்தில் அதை மிஞ்சி நிற்கிறது. நான்கு சங்கிலி இழைகள் தொங்குகின்றன, ஒன்றை மட்டுமே இழுக்க வேண்டும். தவறான இழையை வேகமாக இழுத்தால் நேரச் சக்கரங்களின் பற்களில் அடி விழும். இந்த வீட்டில் சரியான இழையில் ஒரு சின்ன நூல் கட்டிவைத்துவிட்டு வந்தேன்.

கயிறா சங்கிலியா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல கடிகாரங்கள் முதலில் கயிற்றில் ஓடிப் பிறகு சங்கிலிக்கு மாறியவை. கயிற்றுச் சக்கரத்தில் கயிற்றைக் கவ்வ ஊசி ஊசியாக முனைகள் இருக்கும். சங்கிலிச் சக்கரத்தில் கண்ணிகள் உட்கார அளவான குழிகள் இருக்கும். ஊசிச் சக்கரத்தில் சங்கிலியைப் போட்டால் உருப்படாது. இந்தக் கடிகாரத்தில் குழிகள் இருந்தன, தேய்மானமும் அதிகமில்லை.

கடகட சத்தம்

சங்கிலி நழுவும்போது வழக்கமாகச் சந்தேகப்படுவது கண்ணிகள் நீண்டு போயிருப்பதை. சங்கிலியை ஓர் அடி நீளத்துக்கு நேராகப் பிடித்து எத்தனை கண்ணி என்று எண்ணுவது இத்தொழிலில் உள்ள முறை. மாற்றுச் சங்கிலி வாங்கும்போதும் கடையில் அதைத்தான் கேட்பார்கள். சங்கிலியின் வெவ்வேறு இடங்களில் எண்ணிப் பார்த்தேன், எல்லா இடத்திலும் ஒரே எண்ணிக்கை. நீண்டு போயிருந்தால் அதிகம் உழைத்த பகுதிகள் வேறுபட்டுக் காட்டும். குழிகளிலும் கண்ணிகள் சரியாக உட்கார்ந்தன. ஆகச் சங்கிலி நல்ல சங்கிலிதான்.

குறை வேறு இரண்டு இடத்தில் இருந்தது. முதலாவது, சின்ன வளையத்தைக் காணோம். மாட்டும்போது அது எதற்கு என்று தெரியாமல், கடிகாரத்தைச் சேர்ந்த பொருள் அல்ல என்று எண்ணி, கருவிப் பெட்டியில் போட்டிருந்தார்கள். அந்த வளையம் பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் ஓய்வாக இருக்கும் பக்கத்துச் சங்கிலியை இழுத்துப் பிடித்து, கண்ணிகள் குழியை விட்டு எழும்பாமல் வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் சங்கிலி தளர்ந்து, சக்கரத்தின் மேல் தாவும். தாவும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சத்தம். நல்லவேளை, வளையம் கிடைத்தது. கிடைக்காத வீடுகளில் அதே அளவு எடையுள்ள ஈய வளையம் ஒன்றைப் பழைய கடிகார உதிரிப் பொருள் விற்பவர்களிடம் வாங்கிவிடலாம்.

இரண்டாவது, வளையமாகச் சேர்க்கும்போது சங்கிலியில் ஒரு முறுக்கு விழுந்திருந்தது. கண்ணிகள் ஒன்று படுக்கையாகவும் அடுத்தது நிற்பதாகவும் மாறி மாறிக் குழியில் இறங்க வேண்டும். முறுக்கு இருந்தால் அது சுற்றிச் சுற்றி வந்து, கப்பியிலோ சக்கரத்திலோ ஒரு கண்ணி குறுக்காக நிற்கும். இணைப்புக் கண்ணியைத் திறந்து, முறுக்கை எடுத்து, திரும்பச் சேர்த்தேன். கண்ணியைத் திறக்கும்போது இடுக்கியால் இருபுறமும் விரிக்கக் கூடாது. ஒரு முனையை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ளித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். விரித்தால் வடிவம் கெட்டு மறுபடி குழியில் உட்காராது.

வளையத்தை மாட்டி முறுக்கை எடுத்ததும் நழுவுவது பெருமளவு நின்றது. முற்றிலும் நிற்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரவு எட்டு மணி

தினமும் ஒரே நேரத்தில் நிற்கும் கடிகாரத்துக்கு வீட்டார் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். இங்கே சூடேற்றி. மாலையில் வீட்டைச் சூடாக்கியதும் இரண்டு மூன்று மணி நேரத்தில் கடிகாரம் நிற்கிறது, ஆகவே வெப்பத்தில் ஏதோ இறுகுகிறது என்று வைத்திருந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

சங்கிலியை எப்போது இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டரை மணிக்கு. நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்கு இழுத்துப் பாருங்கள் என்றேன். மறுநாள் கடிகாரம் எட்டு மணியைத் தாண்டி ஓடியது. நள்ளிரவை ஒட்டி நின்றது. இழுக்கும் நேரம் நான்கு மணி நேரம் தள்ளிப் போனதும் நிற்கும் நேரமும் அதே அளவு தள்ளிப் போனது. சூடேற்றிக்குச் சம்பந்தமில்லை. எடை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு இறங்கியதும் கடிகாரம் நிற்கிறது. பல்சக்கரத்தில் பல் உடைந்திருந்தாலோ அச்சு முனை வளைந்திருந்தாலோ நிற்கும் நேரத்துக்கும் எடையின் உயரத்துக்கும் இப்படி ஓர் உறவு இருக்காது. செலவே இல்லாத இந்தச் சோதனையை யாரும் முதலில் செய்து பார்க்கலாம்.

அந்த உயரம் எது? கதவைத் திறந்து பார்த்தால் ஊசலின் தட்டுக்குப் பக்கத்தில் எடை தொங்கிக்கொண்டிருக்கும். இந்தக் கடிகாரத்தின் ஊசல் நொடிக்கு ஒரு வீச்சு வீசுவது. அதன் பயன் நீளம் 99.4 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு மீட்டர். சங்கிலியில் தொங்கும் எடையும் ஓர் ஊசல்தான்; இறங்க இறங்க அதன் நீளம் கூடுகிறது. அது ஒரு மீட்டரை நெருங்கும்போது இரண்டு ஊசல்களுக்கும் வீச்சு நேரம் ஒன்றாகிவிடும். பெட்டி அசையாமல் நின்றால் ஒன்றும் ஆகாது. பெட்டி இம்மியளவு ஆடினாலும், ஊசலின் ஆட்டம் பெட்டி வழியாக எடைக்குப் போய்ச் சேர்கிறது. எடை மெதுவாக ஆடத் தொடங்குகிறது. அந்த ஆட்டத்துக்கான சக்தி ஊசலிடமிருந்து வருவதால் ஊசலின் வீச்சு குறைந்து குறைந்து, கடைசியில், ஊசலோடு ஆடிச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் நங்கூரம் என்ற உறுப்பு பல்லை விடுவிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். எட்டு நாள் கடிகாரங்கள் வாரத்தின் நடுவில் நிற்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

இந்த வீட்டில் பெட்டி தடித்த கம்பளத்தின் மேல், சுவரில் எதையும் பிடிக்காமல் நின்றது. சுவரடிப் பலகை இடித்ததால் முதுகு சுவரை விட்டு இரண்டு விரல் தள்ளியிருந்தது. பெட்டியின் உச்சியில் விரல் வைத்துப் பார்த்தால் ஊசலின் ஒவ்வொரு வீச்சும் கையில் தெரிந்தது.

முதுகுப் பலகையில், மேல்கூடு மறைக்கும் உயரத்தில், பழைய திருகாணித் துளைகள் இருந்தன. பண்ணை வீட்டில் சுவரோடு பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே ஒழுங்காக ஓடியிருக்கிறது. சுவரடிப் பலகையின் கனத்துக்குச் சமமாக ஒரு மரக்கட்டையை முதுகுக்கும் சுவருக்கும் நடுவே வைத்து, அந்தப் பழைய துளைகள் வழியாகவே இரண்டு திருகாணி இறக்கினோம். புதுத் துளை போடவில்லை. கம்பளத்தின் அந்தப் பகுதியில் பெட்டியின் நான்கு மூலைக்கும் மெல்லிய மரத்துண்டு வைத்து, தள்ளினாலும் ஆடாதபடி நிறுத்தினோம். நீர்மட்டம் பார்த்துத் துல்லியமாக வைக்க வேண்டும் என்பதில்லை. ஊசல் முதுகுப் பலகையில் உரசாமல், எடை ஊசலில் இடிக்காமல் இருக்க வேண்டும். பெட்டி ஆடக் கூடாது. அவ்வளவுதான். இந்த உயரமான பெட்டிக்குள் தலைப்பக்கம் நாலு கிலோ எடை ஏறி நிற்கிறது என்பதால், குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் சுவரோடு பிடிப்பது பாதுகாப்புக்கும் அவசியம்.

டிக் டாக் சமமாக இருக்கிறதா

பெட்டி நிற்கும் கோணம் மாறியதால் டிக் டாக் நொண்டியது. இரண்டு ஒலிகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறுகினால் கடிகாரம் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும்.

சரிபார்க்க, ஊசலை அசையாமல் நிறுத்துங்கள். பிறகு விரலால் மெதுவாக இடப்பக்கம் நகர்த்தி எங்கே டிக் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல வலப்பக்கம். இரண்டு தூரமும் சமமானால் சரி. சமமில்லை என்றால், இயந்திரத்தின் பின்னால் நங்கூரத்திலிருந்து இறங்கி ஊசல் தண்டைத் தள்ளும் கவைக்கம்பியை, எந்தப் பக்கம் டிக் சீக்கிரம் கேட்டதோ அந்தப் பக்கமாகக் கொஞ்சம் வளைக்க வேண்டும். ஒரு கையால் கம்பியின் மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்ப்பகுதியை வளையுங்கள். மேலே பிடிக்காமல் வளைத்தால் அழுத்தம் நேராக நங்கூரத்தின் அச்சுக்குப் போகும். கொஞ்சம் வளைத்துக் கேட்டு, மறுபடி கொஞ்சம். பெட்டியைச் சுவரில் பிடித்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது. முன்னால் செய்தால் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

நாலு மணிக்குப் பதினோரு அடி

இது கோளாறே அல்ல. 30 மணி நேரக் கடிகாரங்களில் மணி எத்தனை அடிக்க வேண்டும் என்பதை எண்ணுச் சக்கரம் ஒன்று தீர்மானிக்கிறது. அதன் விளிம்பில் இடைவெளி கூடிக்கொண்டே போகும் வெட்டுகள்; ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மொத்தம் 78 அடி. முட்கள் எங்கே இருக்கின்றன என்று இந்தச் சக்கரத்துக்குத் தெரியாது, வரிசையாக அடித்துக்கொண்டே போகும். எடை தரை தட்டியோ சங்கிலி சிக்கியோ ஓரிரு மணி அடிக்காமல் விட்டால் அன்றிலிருந்து பிசகிவிடும். எட்வர்ட் பார்லோ 1676ஆம் ஆண்டு வாக்கில் கொண்டுவந்த வேறொரு முறையில், அடிக்கும் எண்ணிக்கை முள்ளின் இடத்தைப் பார்த்தே முடிவாகும், பிசகாது. எட்டு நாள் கடிகாரங்கள் அதற்கு மாறிய பிறகும் மலிவான 30 மணி நேரக் கடிகாரங்கள் எண்ணுச் சக்கரத்தை விடவில்லை.

சரிசெய்ய முட்களைத் தொட வேண்டாம். எண்ணுச் சக்கரத்தின் வெட்டில் விழுந்து நிற்கும் நெம்பை விரலால் லேசாகத் தூக்கி விட்டால் அடுத்த மணியை அடிக்கும். முள் காட்டும் மணிக்கு வரும்வரை ஒவ்வொன்றாக அடிக்க விடுங்கள். வீட்டுக்கார அம்மாவே இதைக் கற்றுக்கொண்டு செய்தார். முட்களைப் பின்னோக்கித் திருப்புவது மட்டும் கூடாது. நேரம் முந்திப் போயிருந்தால் ஊசலை நிறுத்திவைத்துக் காத்திருந்து ஓட விடுவது நல்லது.

நான் கை வைக்காத இடம்

மிச்சமிருந்த நழுவலுக்கு வருகிறேன். வளையமும் மாட்டி, முறுக்கும் எடுத்த பிறகு, சங்கிலி இழுத்துக் கையை விடும்போது எப்போதாவது ஒரு பல் தாண்டி நின்றது. இடப்பக்கச் சக்கரத்தின் கிளிக்கைப் பார்த்தேன். முனை மழுங்கி, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. தினமும் இழுக்கும் கடிகாரத்தில் இருநூறு ஆண்டு உழைத்த உறுப்பு அது, தேயத்தான் செய்யும்.

இதை வீட்டில் வளைத்தோ அரத்தால் ராவியோ சரிசெய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எடை விழாமல் பிடித்து நிற்பது அந்த ஒரு சின்னத் துண்டு. அது விட்டுவிட்டால் நாலு கிலோ எடை பெட்டியின் அடிப்பலகையை உடைத்துக்கொண்டு போகும். சங்கிலியில் கை இருந்தால் விரல் போகும். சரிசெய்ய இயந்திரத்தைப் பிரிக்கவும் வேண்டும். ஆகவே எடையைக் கழற்றி வைத்துவிட்டு, இயந்திரத்தை ஒரு தொழில்முறைப் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பச் சொன்னேன். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு, 1858இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹோராலஜிகல் இன்ஸ்டிட்யூட் என்ற கடிகாரத் துறை அமைப்பு தகுதி பெற்றவர்களை அடையாளம் காட்டும். செலவு கடிகாரத்தின் சந்தை விலையோடு போட்டி போடும் என்பது உண்மை. 30 மணி நேரக் கடிகாரங்களுக்கு இன்று விலை குறைவு. இருந்தும் செய்யச் சொன்னேன். இயந்திரத்தைக் கழற்றி பேட்டரி இயந்திரம் பொருத்திய பல பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த வரிசையில் இதுவும் சேரக் கூடாது என்று எனக்கு ஆசை.

மூன்று சங்கிலி உள்ளவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் பலரிடம் இருக்கக்கூடியது இருபதாம் நூற்றாண்டின் ஜெர்மன் இயந்திரம் கொண்ட கடிகாரமாக இருக்கலாம். கோஷைம் ஊரில் 1922இல் தொடங்கிய ஹெர்ம்லே, ஆல்டிங்கனில் 1912இல் தொடங்கிய கீனிங்கர் போன்றவர்களின் இயந்திரங்கள். மூன்று பித்தளை எடை, மூன்று தனித்தனிச் சங்கிலி, வாரம் ஒருமுறை இழுப்பு. இங்கே வளையச் சங்கிலி கிடையாது. ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு முனையில் எடை, மறுமுனையை இழுக்க வேண்டும். நடு எடை நேரத்துக்கு, இடப்பக்கம் மணிக்கு, வலப்பக்கம் கால் மணி இசைக்கு. வெஸ்ட்மின்ஸ்டர் இசை வைத்தவற்றில் வலப்பக்க எடைதான் பொதுவாக அதிக கனம். எடைகளை மாற்றி மாட்டினால் இசை இழுத்துக்கொண்டு ஒலிக்கும். எடையின் அடியில் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று எழுத்துப் போட்டிருக்கிறதா பாருங்கள்.

இயந்திரத்தின் பின்தகட்டில் எண்களைப் பொறித்திருப்பார்கள். அவற்றில் 94 அல்லது 114 சென்டிமீட்டர் என்று இருப்பது ஊசலின் முழு நீளம் (முன்பு சொன்ன பயன் நீளம் அல்ல), 66 அல்லது 60 என்று இருப்பது நிமிடத்துக்கான வீச்சு. ஊசல் தொலைந்துபோனால் மாற்று வாங்க இந்த எண்கள் வேண்டும், இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியை இழுக்கும்போது எடையை மறு கையால் தூக்கி உதவி செய்யாதீர்கள். பாரம் விலகிய கணத்தில் சங்கிலி சக்கரத்தை விட்டு இறங்கிவிடும். இடம் மாற்றும்போதும் இதே ஆபத்துதான். எடைகளைக் கழற்றுவதற்கு முன், இயந்திரத்துக்குச் சற்றுக் கீழே சங்கிலிக் கண்ணிகளுக்குள் ஒரு மெல்லிய கம்பியைக் கோத்துக் கட்டிவிட்டால், சங்கிலி இருந்த இடத்திலேயே நிற்கும்.

எண்ணெய், துணி, நேரம்

சங்கிலிக்கு எண்ணெய் போடவே போடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், தூசி குழிகளுக்குப் போய்ப் பித்தளையை அரைக்கும். அழுக்கேறிய சங்கிலியைக் கழற்றி ஒயிட் ஸ்பிரிட் என்ற வண்ணக் கரைப்பானில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் போதும். பற்களுக்கும் எண்ணெய் கிடையாது. அச்சு முனைகள் தகட்டில் நுழையும் துளைகளுக்கு மட்டும், கடிகார எண்ணெய் ஊசிமுனை அளவு, நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை. பூட்டுக்கும் சைக்கிளுக்கும் அடிக்கும் தெளிப்பு எண்ணெய் கொஞ்ச காலத்தில் பிசினாகிவிடும், அதைக் கடிகாரத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

வண்ண முகப்பை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. எண்களும் பெயரும் வெள்ளைப் பூச்சின் மேல் மெல்லியதாக எழுதியவை, துணியோடு வந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாவியால் கீறிய இடத்துக்கு வண்ணம் பூசலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். பித்தளை முகப்பில் எண்கள் உள்ள வளையம் வெள்ளிப் பூச்சு பெற்றிருந்தால் பாலிஷ் தொடவே கூடாது. பழைய எடைகள் பல ஈயம், தொட்டால் கை கழுவுங்கள்.

நேரத்தைத் திருத்த ஊசலின் கீழே உள்ள திருகு. மேலே ஏற்றினால் வேகம், கீழே இறக்கினால் தாமதம். ஒரு மீட்டர் ஊசலில் 1 மில்லிமீட்டர் மாற்றம் நாளுக்கு ஏறத்தாழ 43 நொடி. அதனால் அரைச் சுற்று திருப்பிவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள், ஒரே நாளில் திருத்தித் திருத்தி அலைய வேண்டாம்.

லெஸ்டர்ஷயர் கடிகாரத்துக்குக் கிளிக்கும் ஸ்பிரிங்கும் புதிதாகச் செய்து பொருத்தப்பட்டன. பழுதுபார்த்தவர் பழைய கிளிக்கைத் திருப்பிக் கொடுத்தார், அதைப் பெட்டிக்குள் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்து வருபவருக்கு எது மாற்றப்பட்டது என்று தெரியும். இப்போது காலை எட்டரைக்கே இழுக்கிறார்கள், எடை ஊசலைத் தாண்டி இறங்கும்போதும் நிற்பதில்லை. வாரத்துக்கு இரண்டு நிமிடத்துக்குள்தான் பிசகுகிறது, திருகை இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.